கட்டடங்களிலிருந்து கல்நாரை அகற்றும் முறை

கல்நார் என்பது பாறைகளினிடையே நார் நாராகப் படிந்து கிடைக்கும் ஒருவகைச் சிலிகேட் கனிப்பொருளாகும். அது நெருப்பில் எரியாது. வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சிமெண்டுடன் நன்கு பிணையும். இக்குணங்கள் பற்றியே கூரைத் தகடு, நீர்க்குழாய், கொதிகலன் உறை எனப் பல வடிவங்களில் அது கட்டடங்களுட் புகுந்தது. மக்கள் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வழங்கும் கூரைத் தகடு நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றின்மேல் இன்றும் உள்ளது.

உடையாத தகட்டினால் விளையும் தீங்கு சிறிது. அதனை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசியே பகை. வெயிற்கற்றையில் மிதக்கும் தூசியை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், அதிலும் புலப்படாத நுண்ணிய நார்கள் உண்டென்பதையும் சொல்லுதல் வேண்டும். காற்றுச் சோதனையில் எண்ணப்படும் நாரின் அகலம் 3 மைக்ரானுக்கும் குறைவு. நுரையீரலின் ஆழத்திற் புகுந்த இத்தகைய நார்களை உடலால் எளிதில் வெளியேற்ற இயலாது. அவை நுரையீரலைத் தழும்பேறச் செய்யும், புற்றுநோயும் விளைக்கும். ஆனால் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் செல்லும். தூசியில் நின்றவன் அன்று இருமுவதில்லையாதலின், எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே, அகற்றுவது அவசியந்தானா என்பதே முதற் கேள்வி. அமெரிக்கா 1986-இல் பள்ளிகளுக்கென இயற்றிய சட்டம், ஆய்வையும் பராமரிப்புத் திட்டத்தையும் கட்டாயமாக்கியதேயன்றி, கல்நார் முழுவதையும் பெயர்த்தெறியுமாறு பணிக்கவில்லை. தக்க ஏற்பாடே. முறைகேடாகப் பெயர்ப்பது, பெயர்க்காமல் விடுவதினும் கேடானது.

தகட்டுக் கூரையைப் பிரிக்குங்கால், முதலில் அருகிலுள்ளோரை அப்புறப்படுத்துக. தகட்டின்மேற் கால் வைத்தல் ஆகாது. அது திடீரென முறியும். பக்கத்தில் சாரம் அமைத்து, மென்மையான தூவலால் தகட்டை நனைத்து, கொக்கி ஆணிகளைக் கழற்றி, தகட்டை முழுமையாகக் கீழிறக்குதல் முறை. சம்மட்டி, ரம்பம், மின்சார அறுவைக்கருவி இவற்றிற்கு இங்கு வேலையில்லை. மேலிருந்து எறிதலும் கூடாது.

குழாய் உறை போன்ற, கையால் நசுக்கினாலே உதிரும் பொருள்கள் இதனினும் பன்மடங்கு கொடியவை. அவ்வேலையைப் பயிற்சி பெற்றோரே செய்தல் வேண்டும். அறையைப் பாலிதீன் விரிப்பால் அடைத்து, வடிகட்டியுடன் கூடிய விசிறியால் உள்ளழுத்தத்தைச் சற்றே குறைப்பர். அதனால் வெளிக்காற்று உட்புகுமேயன்றி, உட்காற்று இடுக்கு வழியாக வெளிவராது. தொழிலாளர் வெளியேறும் வழியில் மூன்று சிற்றறைகள் உண்டு. ஒன்றில் உடை களைந்து, அடுத்ததில் நீராடி, இறுதியானதில் தம் உடை அணிவர். வீண் ஆடம்பரமன்று இது; கணவர் கொணர்ந்த தூசியுடையைத் துவைத்த மனைவியரும் இந்நோய்க்கு இரையான செய்தி மருத்துவ ஏடுகளில் உண்டு. சாதாரணத் துணிமுகமூடி சிறிதும் பயன்படாது. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டியுடைய சுவாசக் கவசமே வேண்டும்.

வேலை முடிந்ததென்று கண்ணாற் பார்த்துத் தீர்மானித்தல் போதாது. பிரிட்டனில், இவ்வாறு அடைத்துச் சுத்தம் செய்த அறையின் காற்றைச் சோதித்து, ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.01 நாருக்கும் குறைவெனக் கண்ட பின்னரே திறப்பர்.

கழிவை ஈரமாகவே இரட்டை உறையிலிட்டு, பெயர் எழுதி ஒட்டி, அபாயகரக் கழிவுக்கென அனுமதி பெற்ற நிலக்கிடங்குக்கு அனுப்புதல் வேண்டும். உடைந்த தகட்டைப் பாதையில் நிரவும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. பள்ளித் திடலில் அத்துண்டுகளைக் காணும் களப்பணியாளர், துடைப்பத்தால் பெருக்கவிடாது, நீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடி, பிள்ளைகள் அணுகாவாறு கயிறு கட்டி, அன்றே மேலதிகாரிக்கு எழுதுவாராக.