புகை போச்சு, ஓதம் வந்தாச்சு!

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்யும். அதன் பின்னாலேயே மார்கழிப் பனி வந்துவிடும். மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகளில் மூங்கில் தட்டியில் மண் அப்பிய சுவரும் புல் வேய்ந்த கூரையும் இருந்தன. உள்ளேயே விறகடுப்பு. இப்போது ஜமுனாமரத்தூரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் கான்கிரீட் தளம் போட்ட வீடுகள் பெருகிவிட்டன. சமையலுக்கு காஸும் வந்திருக்கிறது.

வீடு மாறிய வேகத்தில் வீட்டைப் பற்றிய நம்பிக்கைகள் மாறவில்லை. கூரை வீட்டுக்குப் பொருந்திய பழக்கம் தளம் போட்ட வீட்டில் பூசணத்தை வளர்க்கிறது. மலையில் மட்டுமல்ல, அடிவாரத்துப் போளூரிலும் செங்கத்திலும் இதே கதைதான்.

நம்பிக்கை: “அடுப்புப் புகை கூரையைக் காக்கும். நம்மை ஒன்றும் செய்யாது.”

உண்மை: முதல் பாதி சரி. அடுப்பின் சூடு கூரைப் புல்லை உலர்த்துகிறது, புகை பூச்சிகளை விரட்டுகிறது. புகை படிந்து கறுத்த கூரையில் செல் அரிப்பதும் குறைவு. ஆனால் அதே புகை வீட்டிலுள்ளவர்களின் நுரையீரலுக்குள்ளும் போகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகும் வறட்டியும் எரியும் வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள் இருந்தது. சமைப்பவர் சுவாசித்த காற்றில் நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம் துகள் இருந்தது. சமையலில் ஈடுபடாதவருக்கும் அது 90. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

காஸுக்கு மாறினால் என்ன ஆகும்? இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிப் பெண்களும் அதில் இருந்தார்கள். காஸ் கொடுக்கப்பட்டவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 மைக்ரோகிராம். விறகோடு இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 71. ஆனால், 2022இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. காஸ் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் மிகைதான். காற்று சுத்தமாகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

நம்பிக்கை: “கூரை வீட்டில்தான் பூசணம் பிடிக்கும். தளம் போட்ட வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.”

உண்மை: புல் கூரைக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் இடைவெளி இருக்கும். அடுப்புச் சூட்டில் மேலெழும் காற்று அந்த வழியாக வெளியேறும்போது புகையோடு ஈரத்தையும் கொண்டுபோய்விடும். கான்கிரீட் தளத்தில் அந்தச் சந்து இல்லை. கதவும் சன்னலும் சாத்திவிட்டால் உள்ளே உண்டான ஆவி உள்ளேயேதான் சுற்றும்.

அந்த ஆவி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். சோறு கொதிக்கும் ஆவி, குளியலறை ஈரம், மழைநாளில் கொடி கட்டி உள்ளே காயப்போடும் துணி எல்லாம் தனிக்கணக்கு. வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சுவரை ஒட்டிய காற்றில் அது 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூசணத்துக்கு வேறெதுவும் வேண்டாம். அடுப்புக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம். முடியாவிட்டால் கூரையை ஒட்டி அடைக்காத வென்டிலேட்டர் ஒன்றாவது வேண்டும். குருவி வரும், குளிர் வரும் என்று அதில் அட்டையை அடைத்து வைப்பவர்கள்தான் அதிகம். அட்டைக்குப் பதிலாகக் கம்பி வலை அடித்தால் குருவி வராது, காற்று போகும்.

நம்பிக்கை: “பனிக்காலத்தில் சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும்.”

உண்மை: கணக்கு நேர்மாறாக இருக்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக ஆவியைத் தாங்க முடியாது. வெளியே 16 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காற்றே உள்ளே வந்து 24 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 61 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். இரவு முழுக்க ஆட்கள் மூச்சுவிட்ட அறையின் காற்றைவிட அது உலர்ந்தது. மூட்டம் கலைந்ததும் எதிரெதிர் சன்னல்களைக் காலையில் கால் மணி நேரம் திறந்துவைத்தாலே போதும். உள்ளும் வெளியும் ஒரே வெப்பத்தில் இருக்கும் அடைமழை நாளில் மட்டும் இந்த உபாயத்தால் பெரிய பலன் கிடைக்காது.

குளிர்ந்த பரப்பில் ஈரம் எப்படிப் படிகிறது என்பதற்கு இந்த மலையிலேயே உதாரணம் உண்டு. காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. காற்றில் ஈரம் மிகுந்த இரவுகளில் தொலைநோக்கிகளின் மேற்கூரையைத் திறப்பதில்லை. குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்து பூச்சைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். வீட்டுச் சுவருக்கும் இதே விதிதான். 25 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 19 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரில் பட்டால் வியர்த்துவிடும். பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், வடக்குச் சுவரின் மூலையில் கறுப்புப் புள்ளி முதலில் தோன்றுவது இதனால்தான். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் அங்கே காற்று ஓடும்.

நம்பிக்கை: “பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் தீர்ந்தது.”

உண்மை: கறுப்பு மறையும், பூசணம் திரும்ப வரும். செத்துப்போன பூசணத்தின் துகளும் தும்மலையும் ஆஸ்துமாவையும் கிளப்பும் என்பதால் அதைத் துடைத்து அகற்றியே ஆக வேண்டும். சிறிய திட்டு என்றால் முகக்கவசம் அணிந்து, முதலில் ஈரத்துணியால் ஒற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டால் போதும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அதற்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து இடுப்பளவு வரை ஏறி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். மழைக்குப் பிறகு தளத்தில் வட்டம் வட்டமாகப் பழுப்புக் கறை விழுந்தால் மொட்டைமாடிக் கசிவு. மூலைகளிலும் பீரோ மறைவிலும் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால் உள்ளே உண்டான ஆவி. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் குற்றவாளி அறைக் காற்று. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது.

ஓதம் ஏறும் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பது வினையை விலைக்கு வாங்குவது. ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் கொப்பளித்து உரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழைய வழக்கம் இந்த இடத்தில் பெயிண்டை வென்றுவிடுகிறது. சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும். அதன் காரத்தன்மையில் பூசணம் பிழைக்காது. காற்றுபட்டு அந்தக் காரம் மெல்லக் குறைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: “சாம்பிராணி போட்டால் காற்று சுத்தமாகும், கொசுவத்தி ஏற்றினால் நிம்மதியாகத் தூங்கலாம்.”

உண்மை: மணம் வரும், கொசு போகும், காற்று மட்டும் கெடும். ஒரே ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. சன்னல் சாத்திய கான்கிரீட் அறையில் அது விடியும் வரை தங்கும். கொசுவலை கட்டினால் சன்னலையும் திறந்து வைக்கலாம். சாம்பிராணி போடும்போதும் சன்னல் திறந்திருக்கட்டும்.

நம்பிக்கை: “வீட்டுக்குள் நாலு தொட்டிச் செடி வைத்தால் காற்றைச் சுத்திகரித்துவிடும்.”

உண்மை: அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 1989 ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. அந்தச் சோதனை அடைத்த சிறு பெட்டிக்குள் நடந்தது. சன்னலைத் திறந்து கிடைக்கும் பலனைச் செடியால் பெற, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகுக்கு வைக்கலாம். தொட்டி மண்ணின் ஈரமும் அறைக்குள்தான் சேரும்.

நம்பிக்கை: “புகை படாத வீட்டில் சாமையும் விதையும் தங்காது.”

உண்மை: அடுப்புக்கு மேலிருந்த பரணில் தானியத்தைக் காத்ததில் பெரும்பங்கு உலர்ந்த சூட்டுக்கு உண்டு. அதை வெயிலில் செய்துகொள்ளலாம். தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இறங்கும்வரை காயவைத்தால் பூசணம் எட்டிப் பார்க்காது. நிலக்கடலைப் பருப்பு இன்னும் காய வேண்டும், 8 சதவீதத்துக்குள். காயாத கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பச்சைப் பூசணம் பிடித்த கடலையைத் துடைத்துவிட்டுத் தின்பதோ, மாட்டுக்குப் போடுவதோ கூடாது.

தளம் போட்ட வீட்டில் மூட்டையை வெறும் சிமென்ட் தரையில் அடுக்கினால் அடியிலிருந்து ஈரம் ஏறும். கீழே இரண்டு கட்டைகளைப் போட்டுப் பலகை பரப்பி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மூட்டைகளை வைக்க வேண்டும். மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும் நாளில் அவிழ்த்து ஒருமுறை காயப்போட்டு, சூடு ஆறிய பிறகு கட்டலாம். சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள்ளேயே வியர்க்கும்.