கார்டு காணோம் என்று ஒருவர் எழுந்து நின்றால்

அமெரிக்காவில் கார்டு விளையாட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலைதான் பரபரப்பு. 1993இல் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டுக்கு வாராவாரம் ‘ஃப்ரைடே நைட் மேஜிக்’ போட்டி நடக்கும். கார்டுகளைச் செருகி வைக்கும் பைண்டர்கள் மேசைக்கு மேசை விரிந்து கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் பழைய கார்டு ஒன்று நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். அது காணாமல் போன மறுநிமிடம் கூட்டம் ஒரு பெயரைச் சொல்லும்.

அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் நீங்கள் என்றால், அந்தப் பெயர் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். முதலில் கார்டைத் தேடுங்கள்.

பறிகொடுத்தவரை ஓரமாக உட்கார வைத்து விவரம் எழுதி வாங்குங்கள். எந்தப் பதிப்பு, மினுங்கும் ஃபாயில் கார்டா, மூலையில் மடிப்பு உண்டா, மேலே போட்ட ஸ்லீவ் உறை என்ன நிறம், கடைசியாக எந்த ரவுண்டில் பார்த்தார்? பைண்டரை எப்போதாவது போனில் படம் எடுத்திருந்தால் அது நல்ல சாட்சி. பிறகு எதிராளிகளின் டெக்குகளை, அதாவது அவர்கள் ஆடும் கார்டுக் கட்டுகளை, பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து அள்ளும்போது ஒருவர் கார்டு இன்னொருவர் டெக்கோடு சேர்ந்து போவது சகஜம். சிசிடிவி பதிவை அன்றே தனியாகச் சேமியுங்கள். பல கருவிகள் பழையதை அழித்துத்தான் புதியதைப் பதியும்.

கார்டு காணாமல் போன மேசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், சந்தேகத்துக்கு உரியவரிடமும் அதையே: “ஒரு கார்டு காணோம். உங்க டெக்கில் கலந்திருக்கா, ஒரு தடவை பாருங்களேன்.” எடுக்காதவர் மனம் புண்படாது. எடுத்தவருக்கும் திருப்பித் தர ஒரு வழி கிடைக்கும். யார் பையிலும் கை வைக்காதீர்கள், வாசலை மறிக்காதீர்கள். திருடியதாக நியாயமான சந்தேகத்துக்கு உரியவரைக் கடைக்காரர் சற்று நேரம் நிறுத்தி வைக்க அமெரிக்காவின் பல மாகாணங்களில் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது கடைச் சரக்குக்காக ஏற்பட்டது. வாடிக்கையாளரின் பைண்டருக்கும் செல்லும் என்று நம்பி இறங்கினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

சந்தேகம் பள்ளிப் பையன் மேல் என்றால் தனியறைக்கு அழைத்துப் போய் விசாரிக்கவே கூடாது. பெற்றோரை வரச் சொல்லுங்கள். ஆதாரமின்றி விழுந்த திருட்டுப் பட்டம் அவன் போகும் ஒவ்வொரு கடையிலும் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

சிசிடிவி பதிவில் திருட்டு தெளிவாகத் தெரிந்தால் தயக்கமும் வேண்டாம். மேஜிக் போட்டி விதிகளில் திருட்டுக்குத் தண்டனை, போட்டியிலிருந்தே நீக்கம். போலீஸ் புகாருக்கு உதவுங்கள். இனி கடைக்கு வரக்கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஆதாரமே கிடைக்கவில்லையா? திருடிய கார்டு காசாக வேண்டும். அதற்குக் கார்டு வாங்கும் கவுண்டர் ஏதாவது ஒன்றுக்கு வர வேண்டியிருக்கும், சில சமயம் உங்களுடையதற்கே. விற்க வருபவரின் அடையாள அட்டையைக் குறித்துக்கொள்வதை வழக்கமாக்குங்கள். காணாமல் போன கார்டின் விவரத்தைப் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புங்கள், பெயர் எதுவும் சேர்க்காமல்.

இனி இப்படி நடக்காமலிருக்க, விளையாடும் அறையையும் ஒரு முறை பாருங்கள். யாருக்கு யாரோடு ஆட்டம் என்ற பட்டியலை ஒட்டியதும் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். விரித்த பைண்டரும் ஜிப் திறந்த முதுகுப்பையும் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒன்பது பாக்கெட் பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு தள்ளு, கார்டு கைக்குள். பட்டியல், மேஜிக் விளையாட்டின் ‘கம்பானியன்’ ஆப் வழியாகப் போனுக்கே போகட்டும். கார்டு மாற்றிக்கொள்ளும் டிரேட் மேசையைக் கவுண்டருக்கு எதிரே போடுங்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால், பையை மூடிவிட்டு எழுங்கள் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.