தோலோடு உண்ணும் கனியும் ஊறுகாய்ப் பரணியும்

நெல்லிக்காய் அளவில் பொன்னிறக் கனிகள் காய்க்கும் ஒரு சிறு செடியை, அண்மைக்காலமாக மாடித் தொட்டிகளில் சிலர் வளர்க்கின்றனர். கும்குவாட் என்பது அதன் பெயர். ‘இதை உண்ணலாமா? தோலை நீக்க வேண்டுமா?’ என்று எங்களிடம் கேட்பதுண்டு. உண்ணலாம், தோலை நீக்க வேண்டியதில்லை. எலுமிச்சைக் குடும்பத்தில் இது தலைகீழான கனி. தோல் இனிக்கும், சதை புளிக்கும். முழுதாக மென்றால்தான் சுவை. சீனாவிலிருந்து இதனை 1846-ஆம் ஆண்டு இலண்டனுக்குக் கொண்டுசென்றவர் இராபர்ட் பார்ச்சூன். பின்னாளில் அவர் பெயரையே இவ்வினத்திற்கு இட்டனர். மலேசியத் தமிழர் லிமாவ் கஸ்தூரி என்று பிழிந்து பருகும் சிறு கனி, இதன் கலப்பினம்.

நூறு கிராம் கும்குவாட்டில் ஏறத்தாழ 44 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 6.5 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. சோடியமோ சுமார் 10 மில்லிகிராம்தான். அலங்காரத்திற்கென விற்கும் செடியில் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். வாங்கியபோது இருந்த காய்களை விட்டு, புதிதாய்க் காய்ப்பவற்றைக் கழுவி உண்க.

நம் ஊருக்கு இக்கனி புதிது. தோலோடு உண்ணும் பழக்கம் புதிதன்று. வடசேரிக் கனகமூலம் சந்தையில் வாங்கிவரும் நாரத்தங்காயைத் தோலோடுதானே உண்கிறோம்? இரண்டும் ஒரே குடும்பம். கறிவேப்பிலை, வில்வம், விளா ஆகியனவும் அக்குடும்பமே. ஆனால் நாரத்தையின் தோல் கசக்கும். அக்கசப்பை அடக்க நம் முன்னோர் உப்பைத் துணைகொண்டனர். காயைச் சுருள் சுருளாய் அரிந்து, உப்பை அடைத்துப் பரணியில் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, இரவில் மீண்டும் அவ்வுப்புநீரிலேயே இடுவர். நீர் முழுவதையும் காய் குடித்துத் தீரும்வரை இது தொடரும். அதாவது, இட்ட உப்பில் ஏதும் வெளியே போவதில்லை. மேலே வெண்மையாய்ப் பூத்திருப்பதும் உப்பே.

இதயத் தளர்ச்சியாலோ சிறுநீரக நோயாலோ கால் வீங்கி வருவோரிடம் இந்த உரையாடல் எங்களுக்குப் பழகிப்போனது.

“சாப்பாட்டில் உப்பே சேர்ப்பதில்லை டாக்டர்.”

“கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொள்கிறீர்கள் அம்மா?”

“ஒரு துண்டு நாரத்தங்காய்தான். வாய்க்கசப்புக்கு வேறு என்ன செய்ய?”

அவர் பொய் சொல்லவில்லை. ஊறுகாயை அவர் உப்புக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே. நாள் ஒன்றுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. குழம்பு, அப்பளம், மோர் அனைத்தும் அதனுள் அடங்கும். ‘இந்துப்பில் போட்டது’ என்பதும் விடையாகாது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. பொட்டாசியம் கலந்த மாற்று உப்போ, சிறுநீரகம் தளர்ந்தோருக்கு இன்னும் தீங்கானது.

நாரத்தையை அறவே விலக்குமாறு நாங்கள் கூறுவதில்லை. நாச்சுவை இழந்த நோயாளிக்கு அதன் மணம் ஒரு பெரிய துணை. பச்சைக் காயின் சாற்றைச் சோற்றிலோ இரசத்திலோ பிழியலாம். சாறு ஏறினால் உப்பு குறைந்தது தெரியாது. முருங்கைக் கீரையோடு சேர்த்தால், கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது உதவும். இரத்தசோகை உள்ளோர் இதைக் கருத்திற்கொள்க. இளந்தளிர்களை மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயத்தோடு இடித்தால் வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேம்பு, உள்ளே நாரத்தை இலை! வீட்டில் இடிக்கும்போது உப்பின் அளவு நம் கையில் இருக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளோர் மட்டும் புளிப்பை அளவோடு கொள்க.

மருந்து உண்போருக்கு இன்னொன்று. இக்குடும்பத்துக் கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாசும் சில மருந்துகளைக் குடலில் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை. அதனால் இரத்தத்தில் மருந்தின் அளவு வேண்டியதைவிட உயரும். நிஃபெடிபின், அடோர்வாஸ்டாடின் போன்றவற்றை உண்போரும், குறிப்பாக மாற்றுச் சிறுநீரகம் பெற்று டாக்ரோலிமஸ் உண்போரும், இக்குடும்பத்தில் புதிய கனி எதையும் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு, அந்த வாரம் தொட்டுக்கொண்டவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருக. நோயாளிக்கு இயலாதெனில், சமைப்பவர் எழுதலாம்.