நெஞ்சில் குத்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அறுவடை நேரத்து அரிவாள், தேங்காய் உரிக்க நட்டு வைத்த பாரை, கட்டட வேலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, திருக்கானூர்ப்பட்டி போன்ற ஊர்களின் ஜல்லிக்கட்டில் காளையின் கொம்பு, திருவிழாத் தகராறில் கத்தி. காவிரி டெல்டாவில் நெஞ்சில் குத்துப்பட வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் விழுந்ததும் கூடும் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். அவற்றில் ஐந்து, ஆளையே கொன்றுவிடக்கூடியவை.

நம்பிக்கை 1: “இதயத்துல பட்டுட்டா அவ்வளவுதான்.”

உண்மை: மருத்துவமனையை எட்டுமுன்பே இறப்பவர்கள் அதிகம்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாடித்துடிப்போடு வந்துசேர்பவர்களில், குறிப்பாகக் கத்திக்குத்துப் பட்டவர்களில், பலர் பிழைக்கிறார்கள். மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை. அதிகம் குத்துப்படுவதும் அதுதான். அங்கே இரத்த அழுத்தம் இடது கீழறையைவிடக் குறைவு என்பதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். 1896 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர், இரண்டு நாள் முன்பு குத்துப்பட்ட 22 வயது இளைஞரின் வலது கீழறையில் பட்டுநூலால் மூன்று தையல் போட்டார். இளைஞர் பிழைத்துக்கொண்டார்.

நம்பிக்கை 2: “ரத்தமே வரலையே, சின்னக் காயம்தான்.”

உண்மை: ஐந்திலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அது சட்டென விரிந்துகொடுக்காது. இதயத்தில் விழுந்த ஓட்டை வழியே கசியும் இரத்தம், வெளியே வர வழியில்லாமல் அந்த உறைக்குள் தேங்கும். திடீரென ஒரு டம்ளர் அளவு தேங்கினாலே போதும், இதயம் விரிய இடமின்றித் திணறும். இரத்த அழுத்தம் இறங்குவது, கழுத்து நரம்பு புடைப்பது, இதய ஒலி மங்குவது ஆகிய மூன்றையும் இதன் அடையாளங்களாக 1935இல் கிளாட் பெக் என்ற மருத்துவர் வகுத்தார். ஆனால் மூன்றும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. நிறைய இரத்தம் இழந்தவருக்குக் கழுத்து நரம்பு புடைக்காமலும் போகலாம். எக்ஸ்ரேயும் சரியாகவே தெரியலாம். படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் உறைக்குள் தேங்கிய இரத்தம் பெரும்பாலும் தெரியவரும். மேல்வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ இறங்கிய குத்தும் இதயத்தைத் தொட்டிருக்கலாம். ஆகவே மேல்தோலை மட்டும் தைத்துவிட்டு வீட்டுக்குப் போவது ஆபத்து.

நம்பிக்கை 3: “முதல்ல கத்தியப் புடுங்கு.”

உண்மை: சினிமாவில் கதாநாயகன் பிடுங்கி எறிந்துவிட்டு நாலு பேரை அடிப்பான். நிஜத்தில், உள்ளே நிற்கும் கத்தியோ கம்பியோதான் ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். பிடுங்கினால் இரத்தம் பீறிடும். இதயத் துடிப்புக்கு ஏற்ப குத்திய பொருள் ஆடினாலும் தொடக்கூடாது. இருபுறமும் துணியைச் சுருட்டி அணைகொடுத்து, அசையாமல் கட்டுங்கள். அதை எடுக்க வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர்.

நம்பிக்கை 4: “இதய ஆபரேஷனா? மெட்ராஸுக்குத்தான் போகணும்.”

உண்மை: தஞ்சையிலிருந்து சென்னை ஆறு மணி நேரப் பயணம். அவ்வளவு நேரம் குத்துப்பட்டவருக்குக் கிடையாது. இத்தகைய காயங்களில் பெரும்பாலானவற்றை இதய-நுரையீரல் இயந்திரம் இல்லாமலே தைத்துவிடலாம். நெஞ்சைத் திறந்து, உறையைக் கீறித் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றி, ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு தைப்பார்கள். அந்த இயந்திரத்தின் துணையோடு முதல் அறுவை வெற்றி பெற்றது 1953இல்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1902இல், அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் லூதர் ஹில் என்ற மருத்துவர் 13 வயதுச் சிறுவனின் இதயத்தைத் தைத்துக் காப்பாற்றினார். வீட்டு மேசைமேல், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். இன்று டெல்டாவில் தஞ்சாவூர் (1959), திருவாரூர் (2010), நாகப்பட்டினம் (2022) என அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அறுவை மருத்துவரும், தியேட்டரும், இரத்தமும் எங்கே பக்கத்தில் இருக்கின்றனவோ அங்கே போங்கள்.

நம்பிக்கை 5: “போலீஸ் கேஸு, எஃப்.ஐ.ஆர். போடாம டாக்டர் தொடமாட்டாரு.”

உண்மை: உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் இது பொருந்தும். காவல்துறைக்குத் தகவல் சொல்வதை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும்.

ஆக, உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சோடா, தண்ணீர், காபி எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது புரையேறலாம். உட்கார்ந்தால் மூச்சு விட வசதி என்று காயம்பட்டவர் சொன்னால் உட்காரட்டும். எதனால் குத்துப்பட்டது, அது எவ்வளவு நீளம், எத்தனை மணிக்கு நடந்தது ஆகியவற்றை விழுந்த இடத்தில் நேரில் பார்த்த ஒருவர் கூடவே போய் மருத்துவரிடம் சொல்லட்டும்.