எல்லை தாண்டி ஸ்னோமொபைல் வாங்குகிறீர்களா?

அமெரிக்காவில் புது வண்டி வாங்கி ஒன்டாரியோவுக்குக் கொண்டுவருவோர் கவனத்துக்கு:

1. கனடாவின் பாதுகாப்பு விதிக்குப் பொருந்தும் என்ற தயாரிப்பாளரின் லேபிளோ கடிதமோ உண்டா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். இல்லாவிட்டால் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

2. வாரன்ட்டி கனடாவிலும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை பழுதுக்கு உதவாது.

3. அசல் பில்லைக் கையில் வைத்திருங்கள். சுங்கத்தில் வரி கணக்கிட அதைத்தான் கேட்பார்கள்.

4. வாங்கிய 6 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். ஒன்டாரியோ சட்டம் அது.

5. முதல் ஓட்டத்தில் வலது கட்டைவிரலால் த்ராட்டிலை மெல்ல அழுத்துங்கள். புது எஞ்சின் பழக வேண்டும். சட்டென்று அழுத்தினால் வண்டி பாய்ந்துவிடும்.

6. வெறும் பனிக்கட்டியில் நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். அடிச்சட்டத்தின் பிளாஸ்டிக் பட்டைகளைக் குளிர்விப்பது தூள்பனிதான். அது இல்லாவிட்டால் அவை உருகிவிடும்.

7. மீட்டர் மைலில் இருந்தால் 31-ஐ நினைவில் வையுங்கள். பனிப்பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்.

8. எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடையில் மாட்டுங்கள். நீங்கள் விழுந்தால் வண்டியும் நின்றுவிடும்.

உறைந்த ஏரிப் பக்கம் முதல் நாளே போகாதீர்கள். பனியின் கனம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும், கேட்டுவிட்டுப் போங்கள்.