ஹவ்ல் என்றால் என்ன?

ஜகாத் கடமையாவதற்கு “ஹவ்ல் பூர்த்தியாக வேண்டும்” என்று உலமாக்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஹவ்ல் என்ற அரபுச் சொல்லுக்கு ஒரு முழு ஆண்டு என்பது பொருள். மாறுதல், சுழன்று வருதல் என்னும் கருத்துள்ள வேரிலிருந்து பிறந்தது அது. ஆண்டைக் குறிக்க ஸனா, ஆம் என்ற சொற்களும் திருக்குர்ஆனில் உண்டு. எனினும், தாய் பாலூட்டும் காலத்தை அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு முழு ஹவ்ல்கள் என்றே கணக்கிடுகிறது.

20 மித்கால் தங்கம் அல்லது 200 திர்ஹம் வெள்ளி ஜகாத்தின் நிஸாபாகும். அந்த அளவுக்குப் பணம் நம் கைக்கு வந்த நாளில் ஹவ்ல் தொடங்குகிறது. ரஜப் 10இல் தொடங்கினால், மறு ரஜப் 10இல் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகிறது. விளைச்சலுக்கு ஹவ்ல் கிடையாது. அறுவடையிலேயே அதன் ஜகாத் கடமையாகிவிடும்.

இந்த ஆண்டு பிறை ஆண்டு; சுமார் 354 நாட்கள். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் பணிபுரிவோரும் ராயபுரத்து வியாபாரிகளும் ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள கணக்குக்குப் பழகியவர்கள். அதன்படியே ஜகாத் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் பிந்தும். 32 ஆங்கில ஆண்டுகளில் ஏறக்குறைய 33 ஹவ்ல்கள் முடிந்திருக்கும். அதாவது ஓராண்டு ஜகாத் ஏழைகளுக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடும்! கணக்கை மாற்ற இயலாத நிறுவனங்கள் 2.5க்குப் பதில் 2.577 சதவீதம் கொடுக்கலாம் என்று இக்கால அறிஞர்கள் வழி கூறியுள்ளனர். லட்ச ரூபாய்க்கு 77 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான்.

இடையில் பணம் குறைந்தால்? காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு தொழிற்கருவி, அதற்கு ஜகாத் இல்லை. சேமிப்புப் பணமோ அந்நாட்களில் நிஸாபுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். ஷாபிஈ மத்ஹபில் அத்துடன் ஹவ்ல் முறிகிறது. மீண்டும் நிஸாப் நிறையும் நாளிலிருந்து புதிதாக எண்ண வேண்டும். ஹனபீ மத்ஹபில் ஹவ்லின் தொடக்கத்திலும் முடிவிலும் நிஸாப் இருந்தால் போதும். பணம் அறவே தீர்ந்துபோனால்தான் ஹவ்ல் முறியும். அவரவர் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

நம்மில் பலர் ரமளானில்தான் ஜகாத் கொடுக்கிறோம். ஹவ்ல் முடியுமுன் முற்படுத்திக் கொடுக்க அனுமதி உண்டு. ஆனால், ரஜபில் கடமையானதை நன்மை கூடும் என்றெண்ணி ரமளான்வரை நிறுத்திவைப்பது முறையன்று. அது அப்போதே ஏழையின் ஹக்காகிவிட்டது. அவன் வீட்டு அடுப்பு ரமளானுக்காகக் காத்திருக்குமா?

ஆகவே, நம் ஹவ்ல் தொடங்கிய பிறைத் தேதியை இன்றே குறித்து வைப்போம். வீட்டுப் பெண்களுக்கும் அறிவித்து வைப்போம். கடமையை உரிய காலத்தில் நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.