பனிக்கட்டியின் அடிப்பக்கத்தை அளப்பது எப்படி?



வெயில் நாட்டில் வாழும் நமக்குப் பனிக்கட்டி என்றதும் பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடைகளின் குளிர்பானக் குவளையே நினைவுக்கு வரும். குவளையில் மிதக்கும் பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே வெளியே தெரியும். வடதுருவக் கடலை மூடியுள்ள பனிக்கட்டியும் அவ்வாறே மிதக்கின்றது. ஆகவே, அதன் பருமனை அறிய மேலே நின்று நோக்கினால் போதாது. அடியில் சென்று அளத்தல் வேண்டும்.

1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், அமெரிக்காவின் 'நாட்டிலஸ்' என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கட்டியின் அடியில் சென்று வடதுருவத்தை அடைந்தது. ஒலியை மேல்நோக்கி அனுப்பும் கருவி அதில் இருந்தது. கிள்ளான் துறைமுகத்திற்கு வரும் கப்பல்கள், கடலின் ஆழத்தை அறிய ஒலியைக் கீழ்நோக்கி அனுப்புகின்றன. அம்முறையே இங்குத் தலைகீழாகப் பயன்பட்டது.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். குளிர்ந்த கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,440 மீட்டர் செல்லும். மேலே அனுப்பிய ஒலி, பனிக்கட்டியின் அடியில் பட்டு 1/8 நொடியில் திரும்புகிறது எனக் கொள்வோம். அது சென்று வந்த தொலைவு 180 மீட்டர். எனவே, கருவிக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உள்ள தொலைவு 90 மீட்டர். கருவியோ கடல்மட்டத்திற்கு 93 மீட்டர் கீழே உள்ளதென நீரின் அழுத்தம் காட்டுகிறது. 93இலிருந்து 90ஐக் கழித்தால் 3 மீட்டர். பனிக்கட்டி நீருக்குள் மூழ்கியுள்ள அளவு இதுவே.

இவ்வாறு பல பயணங்களில் திரட்டிய அளவுகளை அறிஞர்கள் ஒப்பிட்டு, 1999இல் முடிவை வெளியிட்டனர். 1958 முதல் 1976 வரை, கோடையின் இறுதியில் சராசரியாக 3.1 மீட்டராக இருந்த மூழ்கிய அளவு, 1990களில் 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது.

ஆட்கள் ஏறாத நீர்மூழ்கி ஊர்திகளும் இன்று துருவப் பகுதிகளுக்குச் செல்கின்றன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய அத்தகைய ஊர்தி ஒன்று, 2015இல் தென்துருவக் கண்டமாகிய அண்டார்டிகாவில் ஏரியிலும் கடலிலும் இறங்கி ஆய்வு செய்தது.

மிதக்கும் பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் உயருமா? குவளையின் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்து, கட்டி கரைந்தபின் பாருங்கள், மட்டம் மாறாது. ஆயினும் கவலை உண்டு. வெண்ணிறப் பனிக்கட்டி கதிரவனின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அது மறைந்த இடத்தில் கருநிறக் கடல் வெப்பத்தை ஈர்த்துக் கொள்கிறது. வெப்பமடைந்த கடல்நீர் விரிகிறது. நிலத்தின் மேலுள்ள பனியும் உருகிக் கடலில் சேர்கிறது. இவற்றால் கடல்மட்டம் உயர்கின்றது.

தாழ்வான கிள்ளான் கடற்கரைக்கும் தொலைதூரத் துருவத்திற்கும் உள்ள தொடர்பு இதுதான். அப்பனிக்கட்டியின் அளவை அறிவது நம் கரையைக் காப்பதற்கும் உதவும் அறிவாகும்.